பாப்பாவைக் கூட்டிப்போக வந்தவன்

"கையை எடுங்க சார்."

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். மழலையர் பள்ளி வாசலில் அக்கா மகளின் மழைக் கோட்டுக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டான். அது அவ்வளவு பெரிய குற்றமா என்ன? பாப்பாவோ உதட்டைப் பிதுக்கி, எல்லாப் பொத்தானையும் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"பாத்தீங்களா... அவளாவே போட்டுட்டு இருந்தா. ஒண்ணே ஒண்ணு பாக்கி. அதைப் போய் நீங்க போட்டுட்டீங்க," என்றாள் டீச்சர்.

"இப்ப எவ்ளோ நேரம் நிக்கிறது?"

"நிக்க வேணாம். உக்காருங்க."

முழங்கால் உயர நாற்காலி. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற ஆறடி ஆள் அதில் மடங்கி உட்கார, டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்தாள்... எங்கே முடிந்தது? உதட்டுக்கு முந்தி அந்தக் கண்கள் சிரித்துத் தொலைத்தன. வெளியே மழை. ஆள் அங்கேயே காலி.

அப்புறமென்ன, தினமும் அவன்தான் வந்தான், அதுவும் சீக்கிரமாகவே. மண் பிசைந்து, தண்ணீர் ஊற்றி அளந்து, சிந்தியதைத் தாங்களே துடைக்கிற வாண்டுகள் எல்லாம் அவனை "மாமா" என்றன. அவனும் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கப் பழகினான். பார்த்தது வாண்டுகளை மட்டும்தானா என்று கேட்காதீர்கள்.

ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"அக்கா வேற ஸ்கூல் பாத்துட்டாங்க. இங்க விளையாட்டுதானாம்... எழுத்தே சொல்லித் தரலையாம். அங்க வேன் வரும்."

வேன் வரும்... அப்படியென்றால் இவன் வர மாட்டான்.  ஆனாலும் டீச்சரின் ரோஷம் விடுமா?

"அவங்க இஷ்டம்," என்றாள், துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்தபடி.

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"யாரையும் பிடிச்சு வெக்கிற பழக்கம் எனக்கு இல்ல."

அவன் பாப்பாவோடு படி இறங்கினான். கேட்டைத் தாண்டினால் போச்சு... ஐயோ, போகிறானே...

"மாமா, நில்லுங்க..."

சொன்ன பிறகுதான் டீச்சருக்கு உறைத்தது. நாள் முழுக்க வாண்டுகளோடு கிடந்தால் வாய் இப்படித்தான் காலை வாரும். முகம் குப்பென்று சிவந்துவிட்டது.

அவன் திரும்பி நின்றான். "பாப்பாவைத்தானே... இருக்கச் சொல்றீங்க?"

"பாப்பாவுக்காக உங்க அக்காகிட்ட நானே வந்து பேசுறேன்." தூறலில் இறங்கி அவன் எதிரே வந்து நின்றாள். "இப்ப நிக்கச் சொன்னது உங்களை. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... வராம இருந்துடாதீங்க."

அவன் அவளையே பார்த்தான். மெல்லச் சிரித்தான்.

"அக்காகிட்ட பேச வர்றீங்கல்ல... இதையும் சேத்தே பேசிடுங்க."