தாடி முளைத்த தோல்வார்

கத்தி தீட்டும் புதுத் தோல்வாருக்கு ஒரு நாள் தாடி முளைத்திருந்தது.

சலூன்காரர் முதலில் தடவிப் பார்த்த தன் விரலைத்தான் சந்தேகித்தார். வார் விஷயத்தில், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கூட அவ்வளவு தோண்டித் துருவ மாட்டார். எருமைத் தோல் கத்தியை இழுக்கும், மாட்டுத் தோல் சீக்கிரம் வறளும், குதிரைத் தோல்தான் ராஜா என்று வருகிறவர் காதிலெல்லாம் நுரையோடு சேர்த்து ஓதுவார். வாரில் தடவும் தீட்டுப் பசையிலும் அப்படித்தான்: மழுங்கின கத்திக்குக் கறுப்பு, அன்றாடத்துக்குப் பச்சை, கடைசி மெருகுக்குச் சிவப்பு; அதுவும் கித்தான் வாரில் மட்டும். சுத்தத் தோலில் பசை பட்டுவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

அப்பேர்ப்பட்டவர் இந்த வாரை மட்டும் என்ன தோல் என்றுகூடக் கேட்காமல் சுவர்க் கொக்கியில் மாட்டியதற்குக் காரணம், அது மச்சினன் கொடுத்தது. கடையை உன் பேருக்கே எழுதுகிறேன் என்று பதினோரு வருடம் அவனை இரண்டாவது நாற்காலியில் நிற்க வைத்துவிட்டு, போன மாதம் அந்தப் பேச்சைச் சோப்புத் தண்ணீரோடு சாக்கடையில் ஊற்றினார் மனுஷன். அவர் மனைவியும் அவள் தம்பியான மச்சினனும் வழக்கம்போலக் கடைக்கு வந்தார்கள். தெருவே அடிதடிக்குக் காத்திருந்து ஏமாந்தது. மறுவாரம் மச்சினன் ஒரு வாரும், தானே குழைத்த சாம்பல் நிறப் பசை ஒரு டப்பாவும் கொண்டுவந்து நீட்டினான். இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தோலிலேயே தடவலாம் அத்தான் என்று அவன் சொன்னதற்குக்கூடத் தலையாட்டினார்.

இப்போது மதியம். ஆள் வராத நேரம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மின்விசிறி கடகடக்க, படிகாரமும் ஈரத் துண்டும் கலந்த வாடை அறையில் தேங்கி நிற்க, அவர் வாரை வெளிச்சத்துக்குத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். தோலின் ஒவ்வொரு துளையிலும் ஒரு மயிர்முனை. கறுப்பு. கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் பொட்டளவு வெள்ளை.

அந்த வெள்ளையை அவருக்குத் தெரியும். முப்பது வருடமாகக் கண்ணாடியில் பார்க்கிறார்.

கை தானாகத் தாடைக்குப் போனது. வழவழவென்றிருந்தது. மச்சினன் அவருக்குச் சவரம் செய்து ஐந்து நாளாகியிருந்தது.

கத்தியை எடுத்து, வாரில் மெதுவாக ஒரு வழி வழித்தார். மயிர்த்தூள் உதிர்ந்தது. சில்லென்று இருந்தது, அவருடைய கன்னத்தில்.

பசை டப்பாவைத் திறந்தார். விரலிடுக்கில் நசுக்கினார். நெறுநெறுவென்றது, பொடிப்பொடியாக மயிர். தனக்குச் சவரம் ஆனதும் நுரை துடைத்த காகிதத்தை மனைவி மடித்து வீட்டுக்கு எடுத்துப்போவது நினைவுக்கு வந்தது. கடையைச் சுத்தமாக வைத்திருக்கிறாள் என்று எதிர்த்த தையல்காரரிடம் பெருமையடித்திருந்தார். மூன்று மாதமாக எடுத்துப்போனாள். அப்படியென்றால், போன மாதத்துக்கு முன்பே. வாக்கு மாறப் போகிறேன் என்று அவர் படுக்கையில் அவளிடம் மட்டும் சொன்ன நாளிலிருந்தே.

பயத்தைவிட அதுதான் முதலில் வலித்தது.

ஷட்டர் முழுசாக இறங்கும் சத்தம் கேட்டது. மனைவியும் மச்சினனும் உள்ளே நின்றார்கள்.

"இது என்ன தோல்டா?" என்றார். குரல் அவருடையதாக இல்லை.

"உங்களுக்குத் தெரியாத தோலா, அத்தான்?"

மனைவியைப் பார்த்தார். இருபத்தாறு வருடம் சேர்ந்து வாழ்ந்தவள். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு கொக்கியருகே போய், வாரின் கீழ் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

அவர் தொண்டைத் தோல் விண்ணென்று இறுகியது. தாடை தானாக மேலே தூக்கிக்கொண்டது. கால் மடங்கி நாற்காலியில் விழுந்தார். கத்த வாய் திறந்தார். காற்றுதான் வந்தது.

"ஆடாம உக்காருங்க," என்றாள். "நீங்க எல்லார்கிட்டயும் சொல்றதுதானே."

மச்சினன் கத்தியை விரித்தான். வாரில் ஒரு தடவை இழுத்தான். அவர் காதடியிலிருந்து காறையெலும்பு வரை குளிர்ந்த இரும்பு வழுக்கிப் போனது. திரும்பி வந்தது. சளப். சளப். பழகிய கை. நல்ல தாளம். வலிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நின்றது.

கத்தி பிடித்த எவனும் வாரில் கத்தி முதுகை முன்னால் விட்டுத்தான் இழுப்பான். கூர் முன்னால் போனால் தோல் அறுந்துவிடும். பதினோரு வருடத்தில் மச்சினன் ஒருநாளும் அதில் தவறியதில்லை.

அவன் கத்தியைத் திருப்பினான்.

கூர் முன்னால்.

கண்ணாடியில் மூன்று பேர். அவரை யாரும் தொடவில்லை. மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு, வாரை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாள்.