சுரேந்திரனின் சைக்கிள் உரசுகிறது

செத்தவனின் சைக்கிள் கடைக்குள் வந்து நின்றது.

ஷ்... ஷ்... ஷ்...

முன்சக்கரம் எதிலோ உரசும் சத்தம். பிரம்மநாயகம் நிமிர்ந்தான். 

கறுப்பு ஃபிரேம். மஞ்சள் கைப்பிடி. அதேதான்.

முந்தாநாள் இந்தக் கடையில் வைத்துத்தான் சுரேந்திரனை அடித்தான். திருட்டு சைக்கிள்களுக்கு இங்கே பெயின்ட் மாறுவதைப் பார்த்துவிட்ட வாடிக்கையாளர். ஒரே அடி. பிறகு உடலையும், முன்சக்கரத்தைக் கழற்றிய சைக்கிளையும் வேனில் திணித்துக்கொண்டு போய், ஐரோலி பாலத்திலிருந்து இருட்டில் தள்ளிவிட்டான்.

சைக்கிள் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, டிஸ்க் பிரேக் பார்ப்பீங்களா?"

சைக்கிளைப் பிடித்திருந்தவள் மழைக்கோட்டில் இருந்தாள். முப்பது வயதிருக்கும்.

"பாப்பேன். யாரு வண்டிம்மா?"

"நம்மளோடதுதான். பேரு மானசா, செம்பூர்லேர்ந்து வர்றேன். இந்தச் சத்தம் தலைய தின்னுது."

"செம்பூர்ல கடையா இல்ல?"

"செம்பூர், சயான், மாட்டுங்கா எல்லாம் பார்த்தாச்சு. யாரும் சரியில்ல. தாராவில நாயகம் அண்ணாச்சி கை பட்டா போதும், காம் ஹோ கயா, வேல முடிஞ்சிதுன்னு ஒருத்தர் சொன்னார்."

"இன்னைக்கு வேல சாஸ்தி. விட்டுட்டுப் போங்க. நாளைக்கு..."

"நஹி அண்ணாச்சி. இப்பவே வேணும். நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

ஸ்டூலை வாசலுக்கு நடுவே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கடைக்கு அந்த ஒரு வாசல்தான். பின்னால் சுவர். வெளியே மழைக்கு ஒதுங்கியபடி இரண்டு பேர்.

முடியாது என்றால் ஏன் என்பாள். ஓடினால் அதுவே பதில். வேலையை முடித்து அனுப்புவதைத் தவிர வழியில்லை.

சக்கரத்தைக் கழற்றினான். சக்கரத்தின் டிஸ்க் தகட்டை இருபுறமும் கவ்வும் இரண்டு பிரேக் பேடுகளும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டிருந்தன.

"யாரோ சக்கரத்தக் கழத்திட்டு பிரேக் லிவர அமுக்கியிருக்காவ. நடுவுல டிஸ்க் இல்லேன்னா ரெண்டு பேடும் நெருங்கிக்கிடும். பெறவு உரசத்தான செய்யும்?"

"எங்க ஆளு ஒருத்தர் பண்ணிட்டார். எதப் பார்த்தாலும் கைய வச்சு அமுக்கிட்டே இருப்பார்."

"செய்யக் கூடாத மொத வேல அதும்மா."

தட்டையான பிளாஸ்டிக் பட்டையை நுழைத்து, பேடுகளை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினான். சாமி படத்துக்குக் கீழே இருந்த, ரோஜாப்பூ படம் போட்ட ஊதுபத்திப் பெட்டியில் ஒரு துண்டு கிழித்தான். மடித்தான். இரண்டு பேடுக்கும் நடுவே செருகினான். பிறகு டிஸ்க்கைத் துடைக்க உட்கார்ந்தான்.

மானசா அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தகரத்தில் மழை விழுந்துகொண்டே இருந்தது. அவன் துடைத்துக்கொண்டே இருந்தான். 

"அந்த அட்டை எதுக்கு அண்ணாச்சி?"

"சக்கரம் வெளிய கெடக்கையில தெரியாம லிவர்ல கை பட்டாலும் பேடு நெருங்காது பாத்துக்கிடுங்க."

"மத்த கடையில எவனும் வைக்கலயே?"

"அவனுவ வேல அம்புட்டுத்தான்."

சொல்லும்போது குரலில் லேசாகப் பெருமை. அவனால் அடக்க முடியவில்லை.

அட்டையை உருவித் தரையில் போட்டான். சக்கரத்தை மாட்டினான். பிரேக்கைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் தளர்த்தினான். இடது கையால் லிவரை இறுக அமுக்கினான். வலது கையில் போல்ட்டை முடுக்கும் ஆலன் கீ.

"இத அமுக்கிப் புடிச்சமானிக்கே போல்ட்ட இறுக்கணும். விட்டா மறுபடி உரசும்."

"அப்போ விடாதீங்க."

மானசா குனிந்து அட்டையை எடுத்தாள். மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை வந்தது. உறைக்குள் இன்னொரு அட்டை, அதே மடிப்போடு.

கிழிந்த விளிம்புகளை அருகருகே வைத்தாள்.

பாதி ரோஜாப்பூ மீதி ரோஜாப்பூவோடு சேர்ந்தது.

"சப் இன்ஸ்பெக்டர் மானசா. சைக்கிள் தண்ணில விழல அண்ணாச்சி, கரையோர மரத்துல சிக்கிடுச்சு. சக்கரம் கீழ சேத்துல கிடந்தது. சுரேந்திரன் பாடியும் ஒதுங்கிடுச்சு. வழிப்பறின்னு ஸ்டேஷன்ல எல்லாரும் முடிச்சிட்டாங்க. ஆனா இந்த அட்டை பிரேக்குக்கு நடுவுல இருந்தது. கொல பண்ணிட்டுப் போறவன் எதுக்கு பேடைப் பத்திக் கவலப்படறான்?"

பிரம்மநாயகம் சேர்ந்திருந்த ரோஜாப்பூவைப் பார்த்தான்.

முந்தாநாள் வேனில் ஏற்றும்போதும் கை தன் வேலையைப் பார்த்திருக்கிறது. அவனைக் கேட்காமலே.

"இத எடுத்துட்டு எங்க ஹவல்தார் லிவர அமுக்கினார். அப்புறம்தான் உரச ஆரம்பிச்சது. சரி, கடை கடையா கொண்டு போவோம், யார் அட்டை வைக்கறாங்கன்னு பார்ப்போம்னு கிளம்பினேன்."

மழைக்கு ஒதுங்கியிருந்த இருவரும் உள்ளே வந்தார்கள். ஒருவர் கையில் விலங்கு. அவர் சைக்கிளைப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்தார்.

பிரம்மநாயகம் இன்னும் லிவரை விடவில்லை.

"ரெண்டு போல்ட்டு மட்டும் இறுக்கிட்டு வாரேம்மா. அரகொறையா விட்டா உரசும்."

"விடுங்க அண்ணாச்சி," என்றாள் மானசா. "கோர்ட்டுல சாட்சியா நிக்கப் போற வண்டிக்கு பிரேக் எதுக்கு?"