கை மெஷினுக்குள் இருந்தது

பின்பக்கத் தகட்டின் கடைசித் திருகு கழன்று விழுந்ததும் மெஷினுக்குள் ஏதோ ஒன்று நகர்ந்து உட்கார்ந்தது. எலி ஓடுகிற சத்தம் இல்லை அது. தூங்குகிறவர் புரண்டு படுத்தால் பாய் சரசரக்குமே, அந்த மாதிரி அவசரமே இல்லாத சத்தம். ஸ்ரீபால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். வாசற்படியில் உட்கார்ந்து, இலை இலையாகப் புழு பார்த்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவன் மனைவி ஜெயமதிக்கும் அது கேட்டது.

"உள்ள என்னமோ இருக்குது ஜெயா. அந்தக் கிருஷ்ணாயில் டின்ன எடு. கொஞ்சம் ஊத்துனா தன்னால வெளிய வந்துடும்."

"வராம உள்ளயே செத்துப் போச்சுன்னா?" ஜெயமதி கீரையைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சே ஒரு உயிரக் கொல்லணுமாங்க? தகட்ட மாட்டாம அப்படியே வுடுங்க. ராத்திரில அதுவா போயிடும்."

ஸ்ரீபால் முணுமுணுத்தான். கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது, அவனுக்கு ஒரு நாள் வீணாவதும் பொறுக்கவில்லை. ஆனால் அவனும் சமண வீட்டில் பிறந்தவன்தான். கொசுவை அடிக்காமல் ஊதி விரட்டும் தாயிடம் வளர்ந்தவன். டின் பேச்சை அதோடு விட்டுவிட்டான். உள்ளே இருப்பது இறங்க வழி வேண்டுமே என்று ஜெயமதி ஒரு பலகையைக்கூடச் சாய்த்து வைத்தாள்.

ஊரில் ஒரு சினிமா கொட்டகையில் ஸ்ரீபால் ஆபரேட்டர். படம் ஓட்டுவது பிழைப்பு, காசு போட்டால் ஆடும் பழைய மெஷின்கள்தான் அவனுக்குப் பைத்தியம். எங்கே எது உடைந்து கிடந்தாலும் பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுவான். எடை பார்த்து நடிகர் படம் போட்ட சீட்டு துப்பும் மெஷின், கண்ணாடிக்குள் தகரக் குதிரைகள் ஓடும் மெஷின், பிடியைச் சுற்றினால் அட்டைகள் படபடவென்று புரண்டு குஸ்திச் சண்டை காட்டும் பெட்டி என்று கோயிலின் பேகோபுரத்துப் பின்தெருவில் இருந்த அந்தச் சின்ன வீட்டின் கூடம் நிறைந்து கிடந்தது. வருகிற மனுஷருக்கு உட்கார இடமில்லை, மெஷின்கள் மட்டும் ஜம்மென்று நின்றன. துரு சுரண்டி, பெயின்ட் அடித்து, ஒவ்வொரு தீபத்துக்கும் சந்தைத் திடலில் கொட்டாய் போட்டு அவற்றை ஆடவிடுவான். அந்த எழுபத்தெட்டாம் வருஷத்துக்குப் புதுசாக வந்தது இந்தக் கை மெஷின். கோலார் தங்கவயலில் மூடிக் கிடந்த ஒரு வெள்ளைக்காரர் கிளப்பில் கிடைத்தது.

இடுப்புயர வார்ப்பிரும்புப் பெட்டி. மேலே முள்ளும் எண்களும் கொண்ட வட்டம், முன்னால் ஒரு துவாரம், துவாரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இரும்புக் கை. காசைப் போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். எவ்வளவு பலமோ அவ்வளவு தூரம் முள் ஏறும். கோலாரில் ஸ்ரீபால் இழுத்துப் பார்த்தபோது பாதி எண்ணைத் தாண்டவில்லையாம். "எருமைய இழுத்த மாதிரி இருந்துச்சு. உள்ள ஒரு ஆள் ஒக்காந்து எதிர்ல இழுக்கறான்னே தோணுச்சு," என்று வந்த அன்றைக்குப் பெருமையாகச் சொல்லிச் சிரித்தான். எத்தனையோ பேர் பிடித்துப் பிடித்து அதன் உள்ளங்கையில் பெயின்ட் போய், அந்த இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. அதிலிருந்து வந்த வாடை ஜெயமதிக்குப் பிடிக்கவில்லை. செம்புக்காசை வியர்த்த கையில் நெடுநேரம் மூடி வைத்திருந்தால் வருமே, அந்த வாடை.

மறுநாள் காலையில் மெஷினுக்குள் ஒன்றுமில்லை. பலகையில் தடமில்லை, புழுக்கை இல்லை, உதிர்ந்த தோல் இல்லை. போன உயிர் போயிற்று என்று ஜெயமதி நிம்மதியாகத் தலைமுழுகப் போனாள். ஸ்ரீபால் துடைத்து, கிரீஸ் வைத்து, தகட்டை மாட்டி, காசைப் போட்டு இரும்புக் கையை இழுத்தான். அது கந்தல் துணியைப் போல இலேசாக வெளியே வந்துவிட்டது. முள் அசையவில்லை. மறுபடி கழற்றிப் பார்த்தான். ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது. புது ஸ்பிரிங் வாங்கி மாட்டினான், அதற்கும் அப்படியேதான் வந்தது.

"எதுத்து இழுக்கறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குது," என்று தலையைச் சொறிந்தான்.

அன்று சாயங்காலம் ஜெயமதி கொல்லையில் கொடியிலிருந்து புடவையை உருவினாள். பாதி வந்தது, மீதி வரவில்லை. ஆணியில் மாட்டியிருக்கும் என்று இன்னும் கொஞ்சம் இழுத்தாள். மறுமுனையும் இன்னும் கொஞ்சம் இழுத்தது. காற்றில்லை. முருங்கை இலைகூட ஆடவில்லை. புடவை அவளுக்கும் சுவரோர இருட்டுக்கும் நடுவில், பிழிவதற்கு இருவர் பிடித்ததுபோல விறைப்பாக நின்றது. அவள் முன்னால் ஓரடி வைத்ததும் தொய்ந்து, சும்மா கொடியில் கிடக்கும் புடவையாகிவிட்டது. அவள் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

மறுநாள் கிணற்றடியில் அதுவே நடந்தது. வாளி தண்ணீர் மொண்டு, கயிறு ராட்டினத்தில் கிறீச்சிட்டு ஏறிவந்து, பாதியில் நின்றது. அவள் இழுத்தாள். கீழே ஏதோ கணக்காக, அவள் இழுத்ததைவிட ஒரு பிடி மட்டும் கூடுதலாக இழுத்தது. அதில் கோபமில்லை. ஆவல்தான் இருந்தது. கயிற்றை விட்டுவிட்டாள். வாளி விழுந்த சத்தம் வரவில்லை. கயிறு மட்டும் சரசரவென்று உருண்டு, முனைவரை ஓடி, ராட்டினத்தைத் தாண்டிக் கிணற்றுக்குள் போய்விட்டது. பாதாளக்கரண்டி போட்டுத் தேடியும் வாளியும் கிடைக்கவில்லை, கயிறும் கிடைக்கவில்லை.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, போகாத ஊருக்கெல்லாம் போய்த் தொழுது பெற்ற ஒரே பெண் அவர்களுக்கு, கனகமாலா. ஐந்து வயது. அவள் சிரிப்பு அன்று மத்தியானம் சாமான் அறையிலிருந்து கேட்டது. ஜன்னல் இல்லாத அறை; ஸ்ரீபாலின் உடைசல்கள் அடைந்து கிடக்கும். வாசலில் நின்றுகொண்டு கனகு ஒரு துண்டைப் பிடித்துச் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தாள். துண்டின் மறுமுனை இருட்டுக்குள் இருந்தது.

"யாரு கூட கண்ணு விளையாடற?"

"தெரிலம்மா. அது வுடவே மாட்டேங்குது." குழந்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் மெதுவா இழுத்தா அதுவும் மெதுவாத்தான் இழுக்குது."

ஜெயமதி துண்டைப் பிடுங்கினாள். கோபத்தில் பலமாக இழுத்தாள். அது பலமாக இழுத்தது. இரண்டு கையாலும், காலை நிலைப்படியில் ஊன்றி இழுத்தாள். தோள்பட்டை விண்ணென்று வலித்தது. அந்த வாடை வந்தது, வியர்த்த உள்ளங்கை வாடை, ஒரு கை அல்ல, நூறு கை. அவள் விட்டாள். துண்டு தரையில் விழவில்லை. இடுப்புயரத்திலேயே, வழவழவென்று, இருட்டுக்குள் போயிற்று. விளக்கைக் கொண்டுவந்து அறையைத் தலைகீழாகப் புரட்டினாள். துண்டு இல்லை.

ஸ்ரீபாலிடம் அன்றே எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு கூடத்து மூலையில் நின்ற கை மெஷினைப் பார்த்தான், சிரிப்பு நின்றது.

"தீபம் முடியட்டும் ஜெயா. மறுநாளே இத பழைய இரும்புக்குப் போட்டுடறேன். இப்ப கொட்டாய் போட்டாச்சு, வுட்டுட்டு வர முடியாது."

"மெஷினப் போட்டா சரியாயிடுமா? அது மெஷின்ல இல்லீங்களே. நான்தானே வெளிய வுட்டேன்."

அன்றிரவு ஜெயமதி தகட்டை மறுபடி கழற்றிவைத்து, பலகையைச் சாய்த்துவிட்டு, திரும்பிப் போயிடு சாமி என்று மனசுக்குள் கெஞ்சினாள். காலையில் இரும்புக் கையை இழுத்துப் பார்த்தாள். கந்தலாகத்தான் வந்தது. சாமான் அறைக் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டாள்.

தீபத்தன்று மற்ற மெஷின்களோடு ஸ்ரீபால் விடியற்காலையிலேயே திடலுக்குப் போய்விட்டான். ஊர் தேனீக்கூடு மாதிரி இரைந்தது. பகல் முழுக்க ஜெயமதி கனகுவை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. வெயில் இருக்கும்போதே குழந்தைக்கு ஊட்டி, பாத்திரத்தைக் கவிழ்த்தாள். எதிர்வீட்டு ரேணுகாம்பாள் வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"ஜெயமதி, கொழந்தையத் தூக்கிக்கினு மாடிக்கு வாம்மா. எல்லாரும் ஏறிட்டாங்க. இங்கேர்ந்து மலை நல்லாத் தெரியும்."

"தோ வந்துட்டேங்க."

தன் வீட்டை விட்டு வெளியேறி நாலு பேர் நடுவில் போய் நிற்கப் போகிறோம் என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மலை உச்சியில் தீபம் ஏறும்வரை தெருவில் யாரும் விளக்குப் போட மாட்டார்கள். சாம்பல் நிறமாக இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஆணியிலிருந்து வாசல் கதவுச் சாவியை எடுப்பதற்காகத்தான் குழந்தையை இறக்கினாள். அப்போதும் வலது கையால் கனகுவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

கனகு வரவில்லை.

"வா கண்ணு. அடம் புடிக்காத."

இழுத்தாள். வரவில்லை.

"தீபம் பாக்க வேணாமா? வா."

இன்னும் கொஞ்சம் இழுத்தாள். குழந்தை இன்னும் கொஞ்சம் பின்னால் போனது.

வாடை வந்தது.

ஜெயமதி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் இல்லாமல் போய்விடும் என்று ஒரு கணம் நம்பினாள். பிறகு பார்த்தாள். கனகுவின் இடது கை தோளிலிருந்து நேராகப் பின்னால் நீண்டிருந்தது. விறைப்பாக. சாமான் அறைப் பக்கம். பூட்டு பூட்டியபடியே தொங்கியது. கதவு பூட்டியபடியே இருந்தது. கதவுக்கு இப்புறம், கூடத்தின் இருட்டில், அந்தச் சின்னக் கை எதையோ பிடித்திருந்தது. இல்லை. எதுவோ அதைப் பிடித்திருந்தது.

"அம்மா, மெதுவா," என்றாள் கனகு. இப்போது சிரிக்கவில்லை.

ஜெயமதி இழுத்தாள். தாய் வேறென்ன செய்வாள்? அது ஒரு பிடி கூட இழுத்தது. குழந்தை வீலென்று அலறியது. அவள் பதறிப்போய்த் தளர்த்தினாள். கனகு ஒரு முழம் இருட்டுக்குள் வழுக்கிப் போனாள்.

புடவை. கயிறு. துண்டு.

ஓரடி முன்னால் வைத்தாள், புடவைக்கு வைத்ததுபோல. அது தொய்யவில்லை. அவள் வைத்த அடியைத் தனக்கே எடுத்துக்கொண்டது. மறுபடி இறுக்கிப் பிடித்தாள். கூடவும் இல்லாமல், குறையவும் இல்லாமல்.

"ரேணுகாக்கா!" என்று கத்தினாள். "யாராச்சும் வாங்களேன்!"

அந்த நொடியில் மலையில் தீபம் ஏறியது. ஊரே ஒரே தொண்டையாக அரோகரா என்றது. தெரு, மாடி, கோபுர வாசல், திடல், எல்லாம். வெடிகள் வெடித்தன. அவள் குரல் அவள் காதுக்கே கேட்கவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டியபோதும் அந்தச் சத்தம் ஓயவில்லை.

எதிர்வீட்டில் வரிசையாக அகல் ஏற்றினார்கள். ஜன்னல் வழியாக மஞ்சள் வெளிச்சம் தவழ்ந்து வந்தது. கனகுவின் தோள் வரை. முழங்கை வரை. விரல்கள் வரை. அங்கே யாரும் இல்லை. குழந்தையின் புறங்கையில் மட்டும் நாலு பள்ளங்கள், தசை அமுங்கி, வெளுத்துப் போய்.

இழுக்கவில்லை அவள். விடவும் இல்லை. வெறுமனே பிடித்திருந்தாள். அதுவும் வெறுமனே பிடித்திருந்தது. பஞ்ச நமஸ்கார மந்திரத்தை உதடு தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்ரீபால் கூட்டம் கலைந்த பிறகுதான் வருவான். வந்ததும் என்ன செய்வான்? ஓடிவந்து மகளைப் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி இழுப்பான். அவன் வருகிற சத்தத்துக்காகவும் அவள் பயந்தாள்.

வெகுநேரம் அழுது களைத்து, கனகு தூங்கிப்போனாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அம்மாவுக்கு ஒரு கை, இருட்டுக்கு ஒரு கை. இரண்டும் ஒரே நேராக நீண்டிருக்க, குழந்தை நடுவில் தொங்கிற்று. பாதங்கள் தரையில் படவில்லை. ஜெயமதியின் உள்ளங்கை வியர்க்கத் தொடங்கியிருந்தது. அவள் பிடித்திருந்தது மணிக்கட்டை. இப்போது அவள் விரல்களுக்குள் இருந்தது புறங்கை. பிறகு, விரல்கள்.