அவைக்கு வணக்கம்

காற்று இல்லை. விழாவுக்குக் கட்டிய பேனர்கூட அசையவில்லை. ஆனால் நடைமேடை ஓரத்தில் சங்கிலியில் தொங்கிய தண்டவாளத் துண்டு மட்டும் யாரோ இப்போதுதான் தொட்டுவிட்டு நகர்ந்ததுபோல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

நமச்சிவாயம் அதைப் பார்த்தார், மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. மனம் முழுக்க முனிரத்தினத்தின் தோளில் விழுந்த பொன்னாடை இருந்தது.

இருவரும் காஞ்சிபுரத்தில் ஒரே பள்ளியில் வரலாற்று ஆசிரியர்களாக இருந்தவர்கள். ஓய்வு பெற்றதும் நமச்சிவாயம் தனக்கு 'ஆய்வுச் செம்மல்' என்று பட்டம் சூட்டிக்கொண்டார். மறுவாரமே முனிரத்தினம் 'ஆய்வுப் பேரொளி' ஆனார். இது வரைக்கும் சமம். பிறகுதான் வாலாஜாபாத் போகிற வழியில், வேலிக்காத்தான் புதருக்குள் கிடந்த இந்தப் பழைய ரயில் நிலையத்தின் முன்னால் பேரொளி போய் நின்றார். வெள்ளைக்காரன் ரயில் விட்ட ஆரம்ப நாட்களில் கட்டியது. பாதையை மாற்றிப் போட்டபோது கைவிட்டார்கள். ஆடுகளும் சீட்டாடுகிறவர்களும் எடுத்துக்கொண்டார்கள். செம்மல் இந்த வழியே ஆயிரம் தடவை பஸ்ஸில் போயிருக்கிறார், ஜன்னலோரமாக, தூங்கிக்கொண்டு.

அதைக் கண்டுபிடித்ததற்காக இன்று மதியம் பேரொளிக்கு இங்கேயே பாராட்டு விழா. ஒரே ஒரு பொன்னாடை. பட்டு நெய்கிற ஊரில் பாலியஸ்டர் பொன்னாடை! அதுவும் போன மாதம் வேறொரு பெரிய மனிதரின் தோளை அலங்கரித்ததுதான். ஓரத்துக் காபிக்கறையே சாட்சி. இருந்தும் அது முனிரத்தினத்தின் மேல் விழுந்தபோது நமச்சிவாயத்தின் கழுத்து தன்னையறியாமல் குனிந்து, வெறுமையாக நிமிர்ந்தது.

அதைவிடக் கொடுமை பிறகு நடந்தது. அந்தக் காலத்தில் வண்டி வருவதை அறிவிக்க இந்தத் தண்டவாளத் துண்டைத்தான் மணியாக அடிப்பார்கள். ஒரு தடவை அடித்துப் பார்க்கலாமே என்று நமச்சிவாயம் சுத்தியலை எடுத்தார். எல்லார் முன்னாலும் முனிரத்தினம் கையைப் பிடித்துவிட்டார்.

"வாணாம் சார். தாது வருஷப் பஞ்சத்துல நெசவுக்காரங்க தறியில இருந்த துணிய அறுத்து எடுத்துக்கினு இங்க வந்து காத்துக்கினு இருந்தாங்க. துணியக் குடுத்து நெல்லு வாங்கலாம்னு. மணி அடிச்சாங்க, வண்டி வந்துது, நிக்காமலே பூடுச்சு. இங்கியே விழுந்து செத்தாங்க. கையில இருந்த துணிதான் அவங்களுக்குக் கோடி. அப்பால வண்டி வராம யாரும் இத்த அடிச்சதில்ல. அடிச்சா எழுந்து வந்துடுவாங்கன்னு ஒரு பயம்."

"நீங்க வரலாறு வாத்தியாரா, பேயோட்டறவரா?" என்று கேட்டார் நமச்சிவாயம். யாரும் சிரிக்கவில்லை. முனிரத்தினம் பேசியதற்குக் கைதட்டினார்கள்.

இப்போது கூட்டம் கலைந்துவிட்டது. பந்தல்காரர் ஜெபகுமார் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"சார், இருட்டிக்கினு வருது. சேரெல்லாம் காலைல வந்து எடுத்துக்கறேன். வர்றீங்களா, பஸ் ஸ்டாண்டுல இறக்கி வுடறேன்?"

"நீ போப்பா. எனக்கு ஆய்வு இருக்குது."

"பாம்பும் இருக்குது சார்."

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. நமச்சிவாயம் கைபேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து, திரையில் தன் முகம் தெரியும்படி வைத்து, பதிவை ஓடவிட்டார். மணியை அடிக்க வேண்டும். யாரும் கேட்காமல் சட்டைப்பையில் மடிந்து கிடக்கிற உரையைப் பேச வேண்டும். வரலாற்றுக் குழுவில் போட வேண்டும். பேரொளி அணைய வேண்டும்.

ஓங்கி அடித்தார்.

ஓசை புதர்களைத் தாண்டி, அறுத்துவிட்ட வயல்களைத் தாண்டி, பாலாற்று மணலைத் தேடிக்கொண்டு போவதுபோல நீண்டு நீண்டு போய், எங்கோ ஓரிடத்தில் தானாக அடங்காமல், யாரோ கையால் பொத்திப் பிடித்ததுபோல நின்றது. பூச்சிகளின் சத்தமும் கூடவே நின்றது. கஞ்சி வாடை வந்தது. தண்ணீரே படாத புதுத்துணியின் கஞ்சி வாடை, அடியில் ஈரமண்ணும் மஞ்சளும் கலந்து.

"அவைக்கு வணக்கம்" என்று தொடங்கினார்.

கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி முனகியது. பிறகு பக்கத்து நாற்காலி. குளிருக்குப் பிளாஸ்டிக் சுருங்கும் என்று அவருக்குத் தெரியும். நாற்காலிக் கால்கள் பாரம் தாங்குவதுபோல வளைவது எதனால் என்று தெரியவில்லை.

பேச்சை நிறுத்தத் தோன்றியது. ஆனால் வரிசை வரிசையாக நிறைந்துகொண்டிருந்தது இருட்டு. இருட்டுக்குத் தலைகள் இருந்தன. ஒருவரும் இருமவில்லை. ஒருவரும் கைபேசியைப் பார்க்கவில்லை. முப்பது வருஷ வகுப்பறையில் அவருக்கு இப்படியோர் அமைதி வாய்த்ததில்லை. முனிரத்தினத்துக்கு மதியம் பாதி நாற்காலி காலி.

அந்த நினைப்பில் இன்னும் ஒரு பக்கம் பேசிவிட்டார்.

எழுந்தார்கள். எல்லாரும். ஒரே சமயத்தில்.

கைகள் முதலில் தெரிந்தன. தோல் சுற்றிய குச்சிகள். ஒவ்வொரு கையிலும் மடித்த துணி. முதல் ஆள் அருகில் வந்து துணியை விரித்தபோது, ஓட வேண்டும் என்று கால் சொன்னது. கழுத்து குனிந்தது. பழக்கம்.

துணி தோளில் விழுந்தது. ஈரம். பிணத்தின் குளிர்ச்சி.

"வண்டி வந்துச்சா சாமி?"

வாய் திறப்பதற்குள் அடுத்த துணி. அதற்கடுத்தது. சாவு வீட்டில் உறவுக்காரர்கள் வரிசையில் வந்து கோடி போர்த்துவார்களே, அதே வரிசை. அதே நிதானம். கைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. துணிகளின் பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு துணி தலைக்கு மேல் விழுந்து முகத்தை மூடியது.

"நெல்லு எங்க சாமி?"

மெல்லிய நெசவின் வழியே கைபேசித் திரை மங்கலாகத் தெரிந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அதில் நமச்சிவாயம் இல்லை. வெள்ளைத் துணிக் குவியல் ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் வரிசை, நடைமேடையிலிருந்து இறங்கி, தண்டவாளம் இல்லாத பாதையில், கண்ணுக்கு எட்டிய வரை.

முனிரத்தினத்துக்கு ஒன்றுதான், என்று மனத்தின் ஏதோ ஒரு மூலை எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்று.

குவியலின் நடுவில், வாய் இருந்த இடத்தில் துணி உள்ளே குழிந்தது. எழும்பியது. குழிந்தது.

அடுத்தவர் தன் துணியை உதறி விரித்தார்.