அழித்த குரல்

வெள்ளிக்கிழமை மாலை ஷாலினி லேப்டாப்பை மூடியபோது டாஷ்போர்டு முழுக்கப் பச்சையாக இருந்தது. திங்கட்கிழமை காலை திறந்தபோது நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

ரூபேஷின் வேலையாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தாள். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அவளுக்கு மேனேஜர் என்று சொல்லிக்கொள்ளும் ரூபேஷுக்கு எதையும் முழுதாகப் படிக்கிற வழக்கம் கிடையாது. பட்டன் இருந்தால் அமுக்குவான், அமுக்கியதை மறந்துவிடுவான், பிறகு மீட்டிங் போட்டு யார் அமுக்கியது என்று கேட்பான். அப்படிப்பட்ட ஒருவனுக்கு சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஊரிகம் லைன் வீட்டிலிருந்து, தகரக் கூரைக்குக் கீழே காதில் ஹெட்போனோடு தினமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்ற எரிச்சலில்தான் அவளுடைய ஒவ்வொரு காலையும் தொடங்கியது.

கம்பெனி விற்றது சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி. வெளிநாட்டுப் பிள்ளைகள் அதை வாங்கி, ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மா வீட்டில் வைப்பார்கள். யாராவது விழுந்தால், அலறினால், வெகுநேரம் சத்தமே இல்லாமல் போனால் பிள்ளையின் போனுக்குத் தகவல் போகும். பதிவுகளை ஒரு மாதத்தில் அழித்துவிடுவோம் என்று விளம்பரத்தில் சத்தியம் செய்திருந்தார்கள். எதையும் அழிக்கவில்லை. முன்பின் தெரியாத கிழவர்களின் இருமலும் ஜெபமும் சண்டையும் கம்பெனியின் சர்வர்களில் மூலைக்கு மூலை குவிந்து கிடந்தன. எது எங்கே கிடக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. புதுச் சட்டம் வந்து, அபராதம் என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் இந்த டாஷ்போர்டை வாங்கினார்கள். அது கம்பெனியின் எல்லாச் சேமிப்பிடங்களுக்குள்ளும் நுழைந்து மோப்பம் பிடிக்கும். பெயர், முகவரி, நோய், குரல் என்று ஒரு மனிதரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய எதைக் கண்டாலும் சிவப்புப் புள்ளி வைக்கும். திறந்தால் அது யாருடையது, எங்கே கிடக்கிறது என்று சொல்லும். அழிப்பதா, மறைத்து வைப்பதா, டாஷ்போர்டு உளறுகிறது என்று ஒதுக்குவதா என்பதை ஷாலினி முடிவு செய்வாள்.

அந்த வேலையில் அவளுக்கு யார் மீதும் மரியாதை மிஞ்சவில்லை. அம்மாவுக்கு ஒரு போன் பண்ணச் சோம்பல்பட்டு டப்பா வாங்கி அனுப்பும் மகன்கள், அந்த டப்பாவையே மகனாக நினைத்து அதனிடம் காய்கறி விலை சொல்லும் தாய்கள், இரண்டு பேரையும் ஒட்டுக் கேட்டுவிட்டு அதற்கு அக்கறை என்று பெயர் வைக்கும் முதலாளிகள்.

புள்ளியைத் திறந்தாள்.

ஐடா. குரல். கருவி இருக்குமிடம் நந்திதுர்க், அவள் ஊருக்குப் பக்கத்துச் சுரங்கப் பகுதி. பதிவானது இன்று காலை.

அவள் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. ஐடா ஈஸ்டருக்குப் பிறகு இறந்துபோன பெண். அவளுடைய பதிவுகள் அத்தனையையும் வெள்ளிக்கிழமை ஷாலினிதான் அழித்தாள்.

அழிக்கச் சொன்னது மகன் வின்னி. கருவியை வாங்கியவன் அவன். மஸ்கட்டிலிருந்து ஒரே வரியில் மெயில் அனுப்பியிருந்தான். ஆனால் அதற்குள் ஐடாவின் கணவர் சைலஸ் போன் செய்ய ஆரம்பித்துவிட்டார். ஒரு காலத்தில் சுரங்கத்தில் ஆட்கள் நிற்கும் கேஜை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தவர். போனிலும், ஷாஃப்டின் ஆழத்தில் இருப்பவனுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“ஒரு தபா எனக்குக் குடுத்துட்டு அழிச்சிக்கங்க மேடம். போட்டோவுல மூஞ்சி கீது. கொரலு உங்ககிட்டதான் கீது.”

அதற்கு விதி இல்லை என்று ஷாலினி சொன்னாள். விதி இருந்தது. ஒரு விண்ணப்பம் போட்டு, ரூபேஷிடம் ஒப்புதல் வாங்கி, கோப்பை இறக்கி அனுப்பவேண்டும். அரை மணி நேர வேலை. மாதிரிக்கு ஐடாவின் இரண்டு பதிவைப் போட்டுக் கேட்டிருந்தாள். தண்ணீர் வரவில்லை, முட்டி வலிக்கிறது, பக்கத்து வீட்டுக் கோழி உள்ளே வருகிறது. இதை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் என்ன செய்யப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே அழித்தாள்.

இப்போதும் அழித்தாள். உண்மையாகவே அழிக்கவா என்று டாஷ்போர்டு கேட்டது. ஆம் என்று அமுக்கினாள். புள்ளி மறைந்தது.

வெளியே ஆடிக் காற்று, தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டின் சாம்பல் நிறத் தூளை அள்ளிக்கொண்டு வந்து தகரக் கூரையின் மேல் தேய்த்துக்கொண்டிருந்தது. அரிசி களைவதுபோல விட்டுவிட்டு எழும் அந்தச் சத்தத்தைப் பிறந்ததிலிருந்து கேட்கிறாள். அம்மா பெங்களூரில் அண்ணன் எழிலன் வீட்டுக்குப் போயிருந்ததால் வீட்டில் வேறு சத்தம் இல்லை. சுவரில் புத்தர் படத்துக்குக் கீழே அம்மா ஏற்றிவைக்கும் ஊதுபத்தியின் பழைய வாசனை. அதோடு இன்னொன்று. மூட்டுவலித் தைலம். அந்த வீட்டில் யாரும் தைலம் தேய்ப்பதில்லை. பக்கத்து லைனிலிருந்து வருகிறது என்று முடிவு செய்துகொண்டாள்.

ரூபேஷ் கூப்பிட்டான். மத்தியானம் ஆடிட்டர் டாஷ்போர்டைப் பார்க்கப் போகிறார், ஒரு சிவப்புகூட இருக்கக் கூடாது என்றான். எல்லாம் பச்சைதான் என்று அவள் சொன்னாள். சிவப்பு வந்தது ஏன் என்று விளக்கினால் அவனுக்குப் புரியாது. புரியாவிட்டாலும் பேசுவான். அதனால் சுருக்கமாக முடிக்கப் பார்த்தாள்.

“உன் பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா ஷாலினி?”

“இல்லயே. ஏன்?”

“ஒரு ஆன்ட்டி பேசற மாதிரி இருந்துச்சு.”

ஹெட்போனை மாற்று என்று சொல்லிவிட்டு வைத்தாள். இவனுக்குக் காதும் இல்லை என்று நினைத்துச் சிரித்தாள். சிரிப்பு தொண்டையில் கரகரத்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது திரையில் மறுபடியும் சிவப்பு.

ஐடா. குரல்.

இந்த முறை நந்திதுர்க் இல்லை. கம்பெனியின் மீட்டிங் பதிவுகள் இருக்கும் இடம். பதிவானது சற்று முன்பு.

கேட்டாள். ரூபேஷின் குரல் வந்தது. அவளுடைய குரல் வந்தது. மூன்றாவது குரல் எதுவும் இல்லை. ஆனால் டாஷ்போர்டு ரூபேஷின் வாக்கியங்களுக்கு எதிரே ரூபேஷ் என்றும், அவளுடைய வாக்கியங்களுக்கு எதிரே ஐடா என்றும் எழுதியிருந்தது.

முட்டாள் டாஷ்போர்டு. எத்தனை கோடி கொடுத்து வாங்கினார்களோ, ஒரு பெண் குரலுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தவறு என்று குறித்து ஒதுக்கினாள். நிம்மதி வரவில்லை. டாஷ்போர்டின் தேடும் இடத்தில் தன் பெயரை அடித்தாள். வேலை செய்பவர்களும் தரவுதான். அவளுடைய இன்டர்வியூ வீடியோ, பழைய மீட்டிங்குகள், வாடிக்கையாளர்களோடு பேசிய பதிவுகள் எல்லாம் போன வாரம்வரை, வைத்துக்கொள்ள அனுமதி உள்ளவை என்று அவள் பெயரில் பச்சையாகக் கிடந்தன. அவளே பார்த்திருக்கிறாள்.

இவரைப் பற்றிய தரவு எதுவும் இல்லை என்று வந்தது.

எழுத்துப் பிழையாக இருக்கும் என்று இன்னொரு முறை அடித்தாள். இல்லை. இன்டர்வியூ வீடியோவை நேராகப் போய்த் திறந்தாள். நீலச் சுடிதாரில் அவளே உட்கார்ந்திருந்தாள். வாய் அசைந்தது. பேசுபவர் ஐடா என்று கீழே ஓடியது. சைலஸோடு பேசிய பதிவைத் திறந்தாள். அதற்கு விதி இல்லை சார் என்று தன் குரல் சொல்வதைக் கேட்டாள். பேசுபவர் ஐடா.

தைல வாசனை இப்போது அறை முழுக்க இருந்தது.

கோபப்பட்டால் பயம் அடங்கும் என்று அவளுக்குத் தெரியும். கோபத்துக்கு ஓர் ஆளைத் தேடினாள். கிடைத்தார். நந்திதுர்க் கிழவர். மனைவியின் குரலை எதிலோ பதிந்து வைத்துக்கொண்டு, கருவியின் முன்னால் ஓடவிட்டு விளையாடுகிறார். அந்தக் குப்பை உள்ளே வந்து டாஷ்போர்டின் மூளையைக் குழப்பிவிட்டது. காரணம் கோணலாக இருந்தது என்று அவளுக்கே தெரிந்தது. இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். ஆடிட்டர் வருவதற்குள் போய் அந்த டப்பாவின் வயரைப் பிடுங்கிவிட்டால் போதும். ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

நந்திதுர்க் போகும் சாலையில் நடுப்பகலிலேயே வெளிச்சம் மங்கியிருந்தது. மேட்டிலிருந்து இறங்கிய தூள் சாலையின் மேல் பாம்புபோல நெளிந்து ஓடியது. மூடிக்கிடக்கும் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் தெரிந்து, மறைந்து, மறுபடி தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் அவளுடைய மூச்சு அவளுக்கே கேட்டது. இழுத்து, ஒரு விசிலோடு விடும் மூச்சு. வயதானவர்களின் மூச்சு. காற்றுக்கு எதிரே ஓட்டுவதால்தான் என்று சொல்லிக்கொண்டாள். இறங்கும்போது முட்டி பிடித்துக்கொண்டது.

தெருமுனையில் ஒரு பெண் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஷாலினி அவளிடம் சைலஸ் வீடு எது என்று கேட்டாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை. கை மட்டும் நின்றது. பிறகு, குனிந்த தலை குனிந்தபடியே, எதிர் வரிசையில் பச்சைக் கதவைச் சுட்டிக் காட்டினாள். ஷாலினி நாலடி போய்த் திரும்பிப் பார்த்தபோது முறம் கவிழ்ந்து கிடந்தது. உளுந்து மண்ணில். அந்தப் பெண் இல்லை.

பச்சைக் கதவு திறந்துதான் இருந்தது. சைலஸ் மேசையருகே உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போனில் கேட்டதைவிடச் சிறிய மனிதர். முழுக்கை பனியன், சுத்தமாக வழித்த கன்னம். விளையாடுகிற முகம் இல்லை. அவள் கம்பெனி அடையாள அட்டையைக் காட்டினாள். வாயைத் திறக்க ஏனோ மனம் வரவில்லை.

“போன்ல பேசினது நீங்கதானா மேடம்? உக்காருங்க.”

அவள் கண்கள் கருவியைத் தேடின. அலமாரியின் மேல் பைபிளுக்குப் பக்கத்தில் இருந்தது. வயர் சுருட்டப்பட்டு ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. அதன் மேல் தூசி. விரல் படாத தூசி.

அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார். மனைவியை அடக்கம் செய்த அன்றே கழற்றி வைத்துவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அதற்குக் கரண்டே கொடுக்கவில்லையாம்.

“வெள்ளிக்கெழம அழிச்சாச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. சரி, இனிமே எங்கயும் இல்லன்னு மனச தேத்திகினேன். உங்கமேல ஒன்னும் கோவம் இல்ல மேடம்.”

அவர் அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது அவளுக்குத் தாங்கவில்லை. காலையிலிருந்து கையில் பிடித்திருந்த ஏளனத்தைத் தேடினாள். இவர் கிழவர். இவர் தொந்தரவு. இவர் அரை மணி நேர வேலை. ஒரு சொல்லும் ஒட்டவில்லை. அறை அவளுக்குத் தெரிந்த அறைபோல இருந்தது. உப்பு டப்பா எந்தத் தட்டில் என்று தெரிந்தது. எந்த ஜன்னலின் கொக்கி சரியில்லை என்று தெரிந்தது. தெரியக் கூடாது.

கிளம்பவேண்டும்.

இப்போதே.

நான் போகிறேன் அங்கிள் என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சொற்கள் சரியாக இருந்தன. அவளுடைய சொற்கள். காற்று வாசல் வழியே ஒரு கை சாம்பல் தூளை உள்ளே எறிந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

“இன்னாங்க பாத்துகினே கீறீங்க. தூசி வருது பாருங்க. கதவ சாத்துங்க.”

அது அவள் தொண்டையில் இருந்துதான் வந்தது. அதிர்வு இன்னும் அங்கே இருந்தது. வயதான, கொஞ்சம் அலுத்துக்கொள்கிற, உரிமையுள்ள குரல்.

சைலஸ் பயப்படவில்லை. அதுதான் மோசம். அவர் கையிலிருந்த கண்ணாடி மேசையில் விழுந்தது. முகம் மெல்ல, சுருக்கம் சுருக்கமாக, வெளிச்சமாயிற்று. வருடக்கணக்கான பழக்கத்தில் உடம்பு தானாகவே எழுந்தது. போய்க் கதவைச் சாத்தினார். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள்.

வேண்டாம் என்று ஷாலினி கத்தினாள். கத்தியது உள்ளேதான். வெளியே எதுவும் வரவில்லை. கால்களைக் கதவுப் பக்கம் திருப்பப் பார்த்தாள். அவை நாற்காலியைத் தேடி, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக உட்கார்ந்தன.

பையில் போன் அதிர்ந்தது. ரூபேஷாக இருக்கும். எடுக்க அவளுக்குக் கை இல்லை. அவள் கை மேசைமேல் விழுந்த தூளைக் கூட்டி ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தது.

சைலஸ் தன் நாற்காலியை இழுத்து எதிரே போட்டார். முட்டியோடு முட்டி இடிக்கிற நெருக்கம். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

“சொல்லும்மா,” என்றார். “கேட்டுகினே கீறேன். எவ்ளோ நேரம் வேணும்னாலும் சொல்லு.”

மூடிய உதடுகளுக்குள் அவளுடைய நாக்கு, அவளைக் கேட்காமல், மெல்லப் புரண்டு எழுந்து, அடுத்த சொல்லுக்காக மேலண்ணத்தைத் தொட்டது.