விர்ராபினில் இலவசத் தங்கல்

டல்சி தன் வண்டியின் நிழற்துணியை விரிக்கவே இல்லை.

குளிர்காலம் முழுக்க, படுக்கையும் அடுப்பும் உள்ள அந்த இரண்டு வீட்டு வண்டிகளும் சேர்ந்தேதான் சுற்றின. எங்கே தங்கினாலும் இரண்டின் நிழற்துணிகளும் உரசுகிற மாதிரி நெருக்கி நிறுத்தி, நடுவில் நாற்காலி போட்டு, கெட்டிலை அடுப்பில் வைத்த பிறகுதான் டல்சி காலணியைக் கழற்றுவாள். இன்று அவள் தன் வண்டியைத் தார்ச்சாலை ஓரத்திலேயே, மூக்கு சாலையைப் பார்க்க, விட்டிருந்தாள். நெரிடாவின் வண்டி மட்டும் மைதானத்தின் கோடியில், பழைய சிமெண்டுத் தளத்தின் மேல் தனியாக நின்றது. அதை அங்கே பின்னோக்கி ஏற்றி நிறுத்தியவளும் டல்சிதான்.

"உனக்கு ரிவர்ஸ் வராதுடி, இறங்கு. நான் போட்டுத் தர்றேன்."

"நீ மட்டும் ஏன் அவ்வளவு தூரத்துல?"

"என் வண்டி கனம். இந்தப் புழுதியில மாட்டிக்கும்."

டல்சியின் வண்டி நெரிடாவுடையதைவிடச் சின்னது. சொல்ல வாயெடுப்பதற்குள் டல்சி அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். வழக்கத்தைவிட நீண்ட நேரம். விட்டபோது அவள் கண்கள் ஈரமாக இருந்தன. புழுதி என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

புருஷன் கிளாரி இறந்த பிறகு, அவன் ஆசையாக வாங்கிய வண்டியை விற்றுவிடத்தான் நெரிடா இருந்தாள். டல்சிதான் வந்து நின்றாள். தன் கணவன் வெர்னை பெர்த் நகரத்தில் மகன் வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி, காலி மைதானங்களில் நெரிடாவை உட்காரவைத்து, திட்டித் திட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். உடன்பிறந்தவள்கூட அப்படிச் செய்திருக்கமாட்டாள்.

சுரங்கம் மூடிய ஊர்கள் வண்டிக்காரர்களை இலவசமாகத் தங்க அழைப்பது புதிதல்ல. வந்தவர்கள் கடையில் ரொட்டி வாங்குவார்கள், மதுக்கடையில் ஒரு பீர் குடிப்பார்கள், ஊருக்குக் கொஞ்சம் உயிர் வரும். ஆனால் இந்த விர்ராபினில் கடை இல்லை. மதுக்கடையின் கதவில் பலகை அறைந்திருந்தது. மூடிய சுரங்கத்தின் துரு ஏறிய இரும்புக் கோபுரமும் ஏழெட்டுத் தகர வீடுகளும்தான் ஊர். அப்புறம் எதற்காக அழைக்கிறார்கள்?

வெயில் சாய்ந்த நேரத்தில் ஒரு வீட்டிலிருந்து மில்கா என்ற வயதான அம்மாள் மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட சூடான அப்பத்தைத் துணியில் மூடி எடுத்து வந்தாள்.

"சாப்பிடும்மா. இங்க தங்க வர்றவங்களுக்கு நாங்கதான் சமைப்போம்."

"ரொம்ப நன்றிங்க."

"பிள்ளைங்க இருக்காங்களா?"

"இல்லைங்க. வீட்டுக்காரரும் போயிட்டார்."

மில்கா சாலையோர வண்டியைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். "உன் முழுப் பேர் என்னம்மா?"

"நெரிடா ஜோன் டாலிவர்."

மில்கா முதுகை மெல்ல வளைத்துக் குனிந்தாள். சிமெண்டுத் தளத்தைப் பார்த்து, காது மந்தமானவருக்குச் சொல்வதுபோல, அந்தப் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, "ஆறிடப்போகுது, சாப்பிடு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நெரிடா அதைத் தொடாமல் ஓரமாக வைத்தாள். சிவந்த மண்ணில் இருட்டு ஊற ஊற, வண்டிக்குள் அடுப்புத் திட்டில் கையை ஊன்றிக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். தகரக் கூரைகளைக் காற்று தடவிப் போகிற ஓசை, எங்கோ ஒரு கம்பி ஆடி ஆடி இரும்பில் இடிக்கிற ஓசை, அதற்கெல்லாம் அடியில், காலுக்குக் கீழே, யாரோ பெருமூச்சு விட்டாற்போல நீளமாக ஒரு குளிர். மழையைக் கண்டு வருடக்கணக்கான அந்த மண்ணில் நனைந்த பாறையின் வாடை அடித்தது. உருகிய மெழுகின் வாடையும், பல ஆண்களின் பழைய வியர்வை வாடையும் கூடவே வந்தன. வண்டியின் தரை விரிப்பு வழியாக, செருப்பையும் தாண்டி, பாதம் சில்லிட்டது.

தட்.

அடியிலிருந்துதான்.

இரும்பு குளிர்ந்து சுருங்குகிற சத்தமாக இருக்கும். கிளாரி அப்படித்தான் சொல்வான். இன்னொரு தட், இப்போது பின் சக்கரத்தின் பக்கம். பிறகு முன் சக்கரம். பிறகு அவள் நின்ற இடத்துக்கு நேர் கீழே. அவள் ஒரு அடி தள்ளி நின்றாள். தட்டலும் தள்ளி வந்தது.

வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவை எடுத்தாள். "டல்சி, கீழே யாரோ தட்டுறாங்க. நான் வண்டியை எடுத்துட்டு உன் பக்கத்துல வந்துடறேன்."

"சாவி எங்கிட்ட இருக்கு, நெரி."

ஸ்டியரிங் அருகே கை தடவியது. இல்லை.

"விளையாடாதே. கொண்டு வா."

"வெர்ன் பெர்த்துல இல்லடி." டல்சியின் குரல் வறண்டிருந்தது. "போன வருஷம் நாங்க இங்க தங்கினோம். அந்தத் தளத்து மேலதான். நான் ராத்திரி எழுந்தப்போ அவர் படுக்கை காலி. அது சுரங்கத்தோட வாய், நெரி. உள்ள ஆளுங்க இருக்கறப்பவே மூடிட்டாங்களாம். மேல யாராவது வந்து தங்கினா அந்த ஆளுங்க ஊர்க்காரங்க வீடுகளுக்குக் கீழ தட்டமாட்டாங்களாம். வேற ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தா அவரை அனுப்பிடுவாங்கன்னு மில்கா சொன்னா."

நெரிடா ரேடியோவை வாயருகே இழுத்தாள். "அப்போ எனக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தது..."

"உன்னைத் தேட யாரும் இல்ல." விசும்பல். "எல்லாரையும் யோசிச்சுப் பார்த்தேன். நீதான் இருந்தே."

ஒரு குளிர்காலம் முழுக்கக் குடித்த தேநீர். சிரித்த சிரிப்பு. கிளாரியின் சட்டைகளை மடித்துக் கொடுத்த அந்தக் கை. எல்லாமே இதற்கு.

ஹாரனை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். தகர வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு அணைந்தது. ஜன்னல்கள் மூடப்பட்டன.

வண்டிக்கு அடியில் ஏதோ கனமானது நகர்ந்தது. சிமெண்டு முனகியது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆள் எழுந்து நின்றான். முட்டியிலும் முதுகிலும் செம்மண். வெர்னின் கம்பளிச் சட்டை. வெர்னின் கூன் தோள்.

"வெர்ன்! நில்லுங்க! நான்தான், நெரி!"

அவர் திரும்பவில்லை. மைதானத்தைக் கடந்து சாலையோர வெளிச்சத்தை நோக்கி நடந்தார். வண்டிக் கதவு திறந்தது. டல்சி ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் கைகள் பக்கத்தில் தொங்கின.

டல்சியின் வண்டி கிளம்பியது.

ரேடியோவை அணைக்க மறந்திருந்தாள் டல்சி. "குளிருதாங்க? கம்பளி எடுத்து வச்சிருக்கேன். என்னைப் பாருங்களேன். வெர்ன்? ஏன் இப்படிச் சிரிக்கிறீங்க? வேண்டாம்... வெர்ன்..."

இரைச்சல். பிறகு அதுவும் இல்லை.

தட்டலும் நின்றிருந்தது.

ஓடு. சாலைக்கு ஓடு. இப்போதே.

நெரிடா கதவைத் தள்ளித் திறந்தாள்.

படிக்குக் கீழே போட்டிருந்த மிதியடியில் ஒருவன் நின்று, பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். வலது கால். இடது கால். விருந்துக்கு வந்தவனைப் போல, அழுக்குப் படக்கூடாதென்று, பொறுமையாக. தலையில் சுரங்கத் தொப்பியின் விளக்கு எரிந்தது. அதன் கீழே முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஈரமண் அப்பியிருந்தது. இரண்டு கைகளாலும் ஒரு காலித் தொப்பியை ஏந்தி அவளிடம் நீட்டினான். அதன் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

அவனுக்குப் பின்னால் இன்னொருவன், மிதியடிக்காகக் காத்து நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். மைதானத்தின் கோடிவரை, விளக்கு விளக்காக, சத்தமில்லாமல், வரிசை.