கழற்றிப் போட்ட கீபோர்டு

லேப்டாப் திரையில், அறிக்கையின் தேதிக் கட்டத்தில் 1 என்று விழுந்தபோது லிஃப்ட் ஆய்வாளரின் இரண்டு கைகளும் தலைக்குப் பின்னால் இருந்தன.

மத்தியானம் அவரைக் கேட்காமலே அப்டேட் ஆகி எழுந்ததிலிருந்து லேப்டாப்பின் கீபோர்டு செத்துக் கிடந்தது. எந்தப் பொத்தானை எப்படிக் குத்தினாலும் ஓர் எழுத்தும் வரவில்லை. ஐந்து மணிக்குள் அறிக்கை போயாக வேண்டும். "யார்டா உங்கள அப்டேட் கேட்டது?" என்று ஆளில்லாத வீட்டில் கத்தினார்.

காலையிலிருந்தே இந்த எரிச்சல்தான். ஒன்பது மாடிக் கட்டடம். கயிற்றைச் சோதிக்க லிஃப்டை இரண்டு மணி நேரம் நிறுத்த வேண்டும். "இப்ப நிறுத்தினா எல்லாரும் என்னத்தான் திட்டுவாங்க" என்றார் கட்டடச் செயலாளர். வாய்ச்சண்டை முற்றியது. எப்படியோ போங்கள் என்று, மொட்டை மாடி இயந்திர அறைக்கு ஏறாமலே ஆய்வாளர் வீட்டுக்கு வந்துவிட்டார். போன வருஷ அறிக்கையைத் திறந்து, 'கயிறு: நல்ல நிலை' என்பதை அப்படியே விட்டுத் தேதியை மட்டும் மாற்றினால் தீர்ந்தது. இந்தத் தொழிலில் யாரும் செய்யாததா? மகள் படம் வரையக் கற்கும் வகுப்பும் அந்தக் கட்டடத்தில்தான். ஆனால் கீழ்த்தளம், லிஃப்டே வேண்டாம். அந்தத் தைரியம் அவருக்கு இருந்தது.

2. சற்றுப் பொறுத்து, 3.

ஹெல்ப்டெஸ்க்கில் போனை எடுத்தவன் கொட்டாவி விட்டான். "ரீஸ்டார்ட் பண்ணீங்களா சார்?"

"நாலு தடவ பண்ணியாச்சு! தானா நம்பர் அடிக்குதுங்கறேன்!"

"அப்ப கீபோர்டு டிரைவர அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணுங்க."

மவுஸைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் செய்தார். திரை அணைந்து எழுந்தது. அறிக்கையைத் திறந்ததும் எண்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஒன்பது வரை ஏறின, நின்றன, ஒவ்வொன்றாக இறங்கின. பிறகு மறுபடி ஏறின. அறையில் இயந்திர அறைக்கே உரிய பழைய கிரீஸ் வாடை மெல்லப் பரவியது. சுவருக்குப் பின்னால் எங்கோ கனமான சக்கரம் ஒன்று சுற்றுவதுபோல் முனகல். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே இரண்டரை வினாடி. அந்த இடைவெளி அவருக்கு மனப்பாடம். இருபது வருஷமாக லிஃப்டுக்குள் நின்று எண்ணியது.

பயம் வந்தது. பயந்தோமே என்று அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. திருப்புளியை எடுத்தார். லேப்டாப்பை அணைக்கக்கூட இல்லை. கீபோர்டை நெம்பி, பட்டைக் கேபிளைப் பிடுங்கி மேசையில் எறிந்தார். "இப்ப அடி பாக்கலாம்!"

முனகல் நின்றது. எண்களும் நின்றன.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, கிளாஸ் விட்டாச்சு. இன்னைக்குக் கீழ தண்ணி ஒழுகுதுன்னு ஒன்பதாவது மாடில வச்சாங்க. லிஃப்ட் வந்துடுச்சு, இதோ வரேன்."

"ஏறாத! பாப்பா, படில இறங்கு!"

கதவு மூடும் சத்தம். இணைப்பு அறுந்தது.

மீண்டும் அழைத்தார். போகவில்லை.

மேசையில் டக் என்றது.

கேபிள் எதிலும் செருகப்படாமல் தொங்க, கழற்றிப் போட்ட கீபோர்டில் 9 அமுங்கி எழுந்தது. முனகல். கிரீஸ் வாடை.

8.

"வேணாம்" என்றார். யாரிடம் என்று அவருக்கே தெரியவில்லை.

7.

6-இன் அடியில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்துத் தாங்கினார். நகத்தோடு அமுங்கியது. ரத்தம். கையை எடுக்கவில்லை.

இரண்டரை வினாடி. 5.

முனகல் அறுந்தது.

4, 3, 2, 1. இடைவெளியே இல்லை.

0 அமுங்கியது. நகத்தால் நெம்பினார், திருப்புளியால் நெம்பினார்.

அது எழவே இல்லை.